படுக்கையிலும் தொடரும் ஆட்டம்

பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் நிறைந்திருக்கும் இந்த அவைக்கு என் வணக்கம்.

2021 மே மாதம் சச்சின் டெண்டுல்கர் ஒரு கலந்துரையாடலில் மனம் திறந்து பேசினார். 24 ஆண்டுக்கால ஆட்ட வாழ்வில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பதற்றத்தோடு போராடியதாகவும், போட்டிக்கு முந்தைய பல இரவுகள் உறக்கமின்றிக் கழிந்ததாகவும் சொன்னார். உலகம் கொண்டாடிய மட்டையாளருக்கே அந்த நிலை என்றால், மாவட்ட அணியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை விடிய விடிய விழித்திருப்பதில் என்ன வியப்பு?

2015-இல் ஆஸ்திரேலியாவில் 283 விளையாட்டு வீரர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. கடந்த ஓராண்டில் முக்கியமான போட்டிக்கு முன் ஓர் இரவாவது சரியாக உறங்கவில்லை என்று 64 விழுக்காட்டினர் சொன்னார்கள். பெரும்பாலோருக்குக் கண் அயர்வதே பெரும்பாடாக இருந்தது. காரணம் கேட்டபோது முதலில் வந்த பதில், போட்டியைப் பற்றிய நினைப்பு. மெத்தையையும் அறையின் வெப்பத்தையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்!

ஆபத்து நெருங்குகிறது என்று மனம் நம்பினால் உடல் காவலுக்கு நிற்கும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். நாளை தோற்றால் அணியில் இடம் போய்விடுமோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவிருந்த வேலை நழுவிவிடுமோ என்ற அச்சமும் அந்த உடலுக்கு ஆபத்துதான். மின்னொளியில் ஆடும் போட்டி இரவு பதினொரு மணிக்கு முடிகிறது. தவறவிட்ட கேட்ச் நள்ளிரவுக்குப் பிறகும் கண்ணுக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் முகம் தெரியாதவர்களின் வசைகள்.

சிறு பிழையையும் பொறுக்காத குணம்தான் ஒருவரைச் சிறந்த வீரராக்குகிறது. அதே குணம்தான் இரவில் அவரை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது. பகலில் நாம் பாராட்டி வளர்க்கும் குணம் அது. அதனால் வரும் துன்பத்துக்கும் நாம் பொறுப்பேற்க வேண்டும் என்று கருதுகிறேன்.

ஊக்கமருந்துச் சோதனை விதிகளையும் இங்கே சொல்ல வேண்டும். சோதனைப் பட்டியலில் பதிவுபெற்ற முன்னணி வீரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறை தவறினால் தடை வரலாம். விளையாட்டின் தூய்மைக்கு இந்த விதி தேவை. ஆனால் அதிகாலை நேரத்தைக் குறித்துக் கொடுத்தவருக்கு, சோதனைக்கு வருபவர் அடிக்கும் அழைப்பு மணி காதில் விழாமல் போய்விடுமோ என்ற கவலை தூக்கத்திலும் விடுவதில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஓர் இரவு உறக்கம் கெட்டதால் மட்டும் மறுநாள் ஆட்டம் பாழாவதில்லை. ‘உறங்காவிட்டால் தோற்றுவிடுவேன்’ என்ற பயம்தான் அடுத்தடுத்த இரவுகளையும் விழுங்குகிறது. வீரர் எட்டு மணிக்கே படுக்கிறார், மணிக்கொருமுறை கடிகாரம் பார்க்கிறார், பகலில் காபியால் சமாளிக்கிறார். படுக்கை என்றாலே மனம் போராட்டத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது. உறக்கத்தை அளக்கும் கைக்கடிகாரங்கள் வந்த பின் இது கூடியிருக்கிறது. காலையில் உற்சாகமாக எழுந்தவர்கூட அது காட்டும் எண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்.

சச்சின் எப்படி மீண்டார்? உறக்கத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டார். ஆட்டத்துக்கு மனம் ஆயத்தமாகும் விதமே இது என்று ஏற்றுக்கொண்டார். தொலைக்காட்சி பார்ப்பார், வீடியோ கேம் ஆடுவார். தேநீர் போடுவது, துணி இஸ்திரி செய்வது போன்ற சிறு வேலைகளும் தமக்குக் கைகொடுத்ததாகச் சொன்னார். உறக்கம் வராதபோது எழுந்துவிடுங்கள், கண் சொக்கும்போது மட்டும் படுங்கள் என்பது 1970-களிலிருந்தே உளவியலாளர்கள் தரும் பயிற்சி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் தர வேண்டியது இத்தகைய உளவியல் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது.

உங்களிடம் நான் கேட்பவை சில. அணிப் பட்டியலைப் படுக்கப்போகும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மாலைப் பயிற்சி முடிந்ததும் அறிவியுங்கள். நீக்கப்பட்டவரைத் தனியே அழைத்துக் காரணம் சொல்லுங்கள். இரவுப் போட்டிக்கு மறுநாள் காலை ஆறு மணிப் பயிற்சி வேண்டாம். ‘தூங்கினாயா?’ என்று அதட்டாமல், ‘என்ன யோசித்துக்கொண்டிருந்தாய்?’ என்று கேளுங்கள். வாரத்தில் மூன்று இரவுகள் வீதம் மூன்று மாதம் உறக்கம் கெட்டிருந்தாலோ, வாழ்க்கையே வெறுத்துப்போனதாக அந்தப் பிள்ளை சொன்னாலோ, அடுத்த போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.