வென்றவர் ஒரு கேள்வி கேட்டார், ஆட்டம் கைவிட்டுப் போனது: போக்கரில் தோற்றவரின் சீட்டைப் பார்க்கக் கேட்கலாமா?

வணக்கம். போக்கர் மேசையில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். எதிரில் இருப்பவர் தோல்வியை ஒப்புக்கொண்டு, தம் சீட்டுகளைக் கவிழ்த்து, சீட்டுப் போடும் டீலரின் பக்கம் தள்ளிவிட்டார். பந்தயக் குவியல் உங்கள் பக்கம் நகரும் முன்பு, "அவரிடம் என்ன இருந்தது என்று பார்க்கலாமா?" என்று கேட்கிறீர்கள். அந்த ஒரு கேள்வியாலேயே குவியல் முழுவதும் அவருக்குப் போய்விடக்கூடும். ராபர்ட் சியாஃபோன் தொகுத்த 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர்' என்னும் விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

அடிப்படையை விரைவாகப் பார்த்துவிடுவோம். கடைசிச் சுற்றில் இறுதியாகப் பந்தயம் கட்டியவரோ உயர்த்தியவரோ முதலில் சீட்டைத் திறக்க வேண்டும். யாரும் கட்டவில்லையென்றால், டீலரின் இடத்தைக் குறிக்கும் வில்லையான டீலர் பட்டனுக்கு இடப்பக்கத்தில் முதலில் இருப்பவர் திறக்க வேண்டும். வெல்ல விரும்புபவர் தம் சீட்டுகள் அனைத்தையும் மேசைமீது திறந்து வைக்க வேண்டும். தோற்றது தெரிந்தவர் காட்டாமலே கவிழ்த்துவிடலாம்.

இப்போது அந்த விநோதமான விதிக்கு வருவோம். ஆளுக்கு இரண்டு சீட்டும், மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டும் வைத்து ஆடும் டெக்ஸஸ் ஹோல்டம் ஆட்டத்தில் உங்கள் கையில் இஸ்பேட் ராஜாவும் டைமண்ட் 9-உம் இருக்கின்றன. மேசையில் முதலில் திறந்த மூன்று சீட்டுகள் ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 4, கிளாவர் 9. எதிராளியிடம் ஹார்ட்டின் ஏஸும் ஹார்ட்டின் 2-உம் இருப்பதால், இன்னும் ஒரு ஹார்ட்டின் விழுந்தால் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) என்று அவர் அதற்காகவே காத்திருக்கிறார். நான்காவதாக இஸ்பேட் 5 வருகிறது, ஐந்தாவதாக டைமண்ட் 3 வருகிறது. ஹார்ட்டின் வராத ஏமாற்றத்தில் அவர் சீட்டை வீசிவிடுகிறார். ஏஸ், 2, 3, 4, 5 என்று வரிசையாக ஒரு ஸ்ட்ரெய்ட் தம் கையில் அமைந்திருப்பதை அவர் கவனிக்கவே இல்லை. உங்களிடம் இருப்பதோ ராஜா ஜோடியும் 9 ஜோடியும் மட்டுமே. நீங்கள் பேசாமல் இருந்தால் குவியல் உங்களுடையது; நீங்களே அவர் சீட்டைக் காட்டச் சொன்னால், அந்தத் தொகுப்பின்படி இரண்டு கைகளும் (இருவரின் சீட்டுகளும்) உயிரோடிருப்பவையாகக் கருதப்படும், உயர்ந்த கையே வெல்லும், அதாவது அவர் வெல்வார்.

இதே கேள்வியை அந்தச் சுற்றில் சீட்டு வாங்கிய வேறொருவர் கேட்டிருந்தால் முடிவு வேறு. அப்போது வீசப்பட்ட கை செத்ததாகவே கொள்ளப்படும். டீலர் அந்தச் சீட்டுகளைக் கழித்த சீட்டுக் குவியலில் தொட்டுவிட்டுத் திருப்பிக் காட்டுவது பல போக்கர் அறைகளின் வழக்கம். ஸ்ட்ரெய்ட்டை எல்லோரும் பார்ப்பார்கள், ஆனால் குவியல் உங்களிடமே வரும். இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மூன்றாம் ஆளின் கேள்வியால் வென்றவருக்கு நட்டம் வரக்கூடாது. வென்றவரே கேட்டால் அதன் விளைவை அவரே ஏற்கவேண்டும். ஆர்வத்துக்கு இதைவிட நியாயமான கடிவாளம் இருக்க முடியாது.

அப்படியானால் பிறர் சீட்டைப் பார்க்கக் கேட்கும் உரிமை எதற்காக வந்தது? கூட்டுச்சதியைப் பிடிப்பதற்காக. இரண்டு பேர் முன்பே பேசி வைத்துக்கொண்டு, நடுவில் சிக்கிய மூன்றாமவரை மாறிமாறிப் பந்தயம் உயர்த்திப் பிழிவார்கள். இறுதியில் ஒருவர் நல்ல கையைத் திறப்பார், மற்றவர் ஒன்றுக்கும் உதவாத கையைச் சத்தமின்றிக் கவிழ்த்துவிடுவார். அந்தக் கவிழ்ந்த கையைப் பார்த்தால்தான், இவ்வளவு மோசமான சீட்டை வைத்துக்கொண்டு அவர் ஏன் அத்தனை முறை உயர்த்தினார் என்ற கேள்வி எழும். இப்படிப்பட்ட சந்தேகம் இருக்கும்போது தயங்காமல் கேளுங்கள். எதிராளி எப்படி ஆடுகிறார் என்று இலவசமாக அறிந்துகொள்வதற்காக ஒவ்வொரு முறையும் கேட்பது, தோற்றவரைக் கூசவைக்கும் செயல் என்றே நான் கருதுகிறேன். உரிமையைத் தவறாகப் பயன்படுத்துபவரிடமிருந்து அதைப் பறிக்கவும் ராபர்ட்ஸ் தொகுப்பு இடமளிக்கிறது.

போட்டிகளில் நிலைமை சற்று மாறும். 2001-இல் தொடங்கப்பட்ட, போட்டி இயக்குநர்களின் சங்கமான டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் வகுத்த விதிகளின்படி, கடைசிச் சுற்றில் பந்தயம் கட்டப்பட்டிருந்தால், அதற்கு ஈடாக அதே தொகையைக் கட்டியவர், கடைசியாகப் பந்தயம் கட்டியவரின் அல்லது உயர்த்தியவரின் கையைப் பார்க்கக் கேட்கலாம். காசு கொடுத்து வாங்கிய காட்சி அது. ஆனால் கேட்பவர் தம் சீட்டைத் திறந்து வைத்திருக்கவோ கையிலேயே வைத்திருக்கவோ வேண்டும். காட்டாமல் கவிழ்த்தவருக்குப் பிறர் கையைக் கேட்கும் உரிமை கிடையாது. மற்றக் கோரிக்கைகள் போட்டி இயக்குநரின் முடிவுக்கு உட்பட்டவை. நீங்கள் ஆடும் மேசையில் எந்த விதி நடக்கிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வீட்டு ஆட்டங்களில் இதைப்பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்வதில்லை என்பதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம்.

கேட்கும் முறையும் முக்கியம். டீலரிடம் கேளுங்கள், தோற்றவரிடம் வாதாடாதீர்கள், அவர் சீட்டை நீங்களே புரட்டாதீர்கள். பக்கத்து ஆளுக்கு மட்டும் கையைக் காட்டினால், மேசையில் உள்ள அனைவருக்கும் காட்ட வேண்டும். வெற்றிக் கையை வைத்துக்கொண்டே நேரம் கடத்தி, எதிராளிக்கு வென்றுவிட்டோம் என்ற நம்பிக்கையை ஊட்டிவிட்டுத் திறப்பது விதியை மீறாவிட்டாலும் போக்கர் மேசையில் மிக அநாகரிகமான செயல்.

சீட்டை மறைக்க எவருக்கும் உரிமையில்லாத ஒரு கட்டமும் உண்டு. போட்டியில் ஒருவர் தம் சில்லுகள் அனைத்தையும் ஆல்-இன் வைத்து, அந்தக் கையில் மேற்கொண்டு பந்தயம் நடக்க வழியில்லாமல் போனால், களத்தில் உள்ள எல்லாக் கைகளும் உடனே திறக்கப்பட வேண்டும். தோற்பது போல நடித்து நண்பருக்குச் சில்லுகளைத் தள்ளிவிட நினைப்பவர், அங்கே தம் கையை மேசை முழுவதற்கும் காட்டியே ஆகவேண்டும்.