அபிஜானின் சுவரும் அபுடியாவின் கித்தானும்

அவைத்தலைவர் அவர்களே, ஓவியம் பயிலும் மாணவ மாணவியரே, கலை ஆர்வலர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஓர் ஓவியரைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு சுவரிலிருந்து தொடங்குகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்று நாம் அறிந்த கோத் திவ்வார் நாட்டின் பெருநகரம் அபிஜான். எப்ரியே கடற்கழியைச் சுற்றி வளர்ந்த அந்நகரில், பிளாத்தோ பகுதியின் உயர்ந்த கட்டடங்களுக்கு அப்பால், அஜாமே, அபோபோ, யோப்புகோன் போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகள் பரந்து கிடக்கின்றன. அத்தெருக்களிலேயே உண்டு, அத்தெருக்களிலேயே உறங்கும் சிறுவர்கள் கரித்துண்டாலும் சுண்ணக்கட்டியாலும் சுவர்களில் படம் வரைகிறார்கள். கார், விமானம், தொலைக்காட்சிப் பெட்டி என்று தமக்குக் கிடைக்காதவற்றையெல்லாம் அவர்கள் வரைந்து வைக்கிறார்கள். அந்தக் கோடுகளின் முன் நின்று, இதுதான் என் ஓவியப் பள்ளி என்று கண்டுகொண்டவர் அபுடியா.

அவருடைய முழுப்பெயர் அப்துலாயே தியாரசூபா. 1983இல் பிறந்தவர். அபிஜானை அடுத்த பிங்கர்வில்லின் கலைப்பள்ளியில் முறையாகப் பயின்றவர். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அவருடைய படங்களில் தலைகள் பெருத்தும், கண்கள் வட்டமாக விழித்தும், பற்கள் வரிசையாகத் தெரிந்தும், கைகால்கள் குச்சிகளாகவும் இருப்பதைப் பார்த்து, பயிற்சி இல்லாதவர் கை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில், கற்ற கை ஒன்று கல்லாத சிறுவனின் கோட்டைத் தெரிந்தே தேர்ந்துகொண்டது. அந்தத் தேர்வில்தான் அவருடைய கலை பிறக்கிறது.

அவர் தம் ஓவியத்துக்கு வைத்த பெயர் நூஷி. அது அபிஜான் தெருவின் மொழிக்குரிய பெயர். பிரெஞ்சு மொழியின் எலும்புக்கூட்டின் மேல் ஜூலா, பாவுலே, பெத்தே முதலிய உள்நாட்டு மொழிகளின் சொற்களையும், ஆங்கிலத்திலிருந்து பிடித்த சொற்களையும் ஒட்டி, 1970களிலிருந்து இளைஞர்கள் உருவாக்கிய பேச்சு அது. 'மோகோ' என்றால் ஆள். ஜூலாவிலிருந்து வந்த சொல். 'எஞ்சாயே' என்றால் கொண்டாடுவது. ஆங்கில 'என்ஜாய்' அங்கே பெற்ற புது உரு. கையில் அகப்பட்ட துண்டுகளை ஒட்டி ஒரு மொழியையே சமைத்த மக்களிடையே வளர்ந்த ஓவியருக்குப் பலவகைப் பொருள்களைச் சேர்த்துப் படம் செய்யும் கலப்பு ஊடகம் என்பது வெளியிலிருந்து கற்க வேண்டிய உத்தியாக இருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். அவர் காதில் அன்றாடம் விழுந்த பேச்சே அந்த முறையில்தான் அமைந்திருந்தது.

வேலைமுறையைக் கவனியுங்கள். கித்தானின் மேல் செய்தித்தாள், சஞ்சிகை, படக்கதை ஆகியவற்றின் துண்டுகள் ஒட்டப்படுகின்றன. அவற்றின் மேல் அக்ரிலிக் வண்ணம் பரவுகிறது. அதற்கும் மேலே எண்ணெய்க் குச்சியாலும் பேஸ்டலாலும் கோடுகள் அழுத்தமாக, அவசரமாக, ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. வண்ணம் எல்லா இடத்தையும் மூடிவிடுவதில்லை. அடியிலுள்ள அச்செழுத்து ஒரு கன்னத்தின் வழியாகவோ சட்டையின் வழியாகவோ எட்டிப் பார்க்கிறது. சுவரொட்டி ஒட்டி, கிழித்து, அதன் மேல் மீண்டும் ஒட்டி, சிறுவர்கள் கிறுக்கி, வெயிலும் மழையும் தேய்த்த தெருச்சுவர் எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கிறது அந்தப் பரப்பு.

இந்தக் கலப்புக்கு அந்நகரிலேயே ஒரு முன்வரலாறு உண்டு. அதை விட்டுவிட்டுப் பேசுவது பெருந்தவறு. 1970களில் அபிஜான் நுண்கலைப் பள்ளி மாணவர்கள், இறக்குமதியாகும் எண்ணெய் வண்ணமும் கித்தானும் தம் கைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, மரப்பட்டைத் துணி, மணல், வெண்களிமண், தாவரச் சாயம், கயிறு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு படம் செய்தார்கள். மார்த்தினிக் தீவிலிருந்து வந்த ஆசிரியர் செர்ஜ் எலெனோன் அவர்களுக்கு ஊக்கம் தந்தார். எதையெதையோ போட்டுக் குழப்பியது என்ற பொருளில் ஏளனமாக இடப்பட்ட 'வோஹூ-வோஹூ' என்ற பெயரையே அவர்கள் தம் இயக்கத்தின் பெயராக ஏற்றுக்கொண்டார்கள். யூசுப் பாத், யாக்கூபா தூரே, க்ரா ங்கெஸ்ஸான் முதலியோர் அவ்வழி வந்தவர்கள். பற்றாக்குறையில் தொடங்கியது, பிரெஞ்சுப் பள்ளி கற்பித்த ஓவியமுறைக்கு எதிரான நிலைப்பாடாகவே முதிர்ந்தது.

2010 நவம்பரில் கோத் திவ்வாரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவை, அப்போது பதவியிலிருந்த லோரான் பாக்போ ஏற்க மறுத்ததால் மூண்ட மோதலில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். 2011 ஏப்ரல் 11 அன்று அவர் கைது செய்யப்படும்வரை அபிஜான் போர்க்களமாக இருந்தது. அபுடியா நகரைவிட்டுப் போகவில்லை. தேர்தலில் வென்ற அலசான் வாத்தாரா தரப்பினர் தங்கியிருந்த கோல்ஃப் விடுதிக்கு அருகிலிருந்த ஓவியக்கூடத்தில் வேலை செய்தார்; சுடுதல் கடுமையானபோது நிலவறைக்குள் ஒளிந்து, ஒலியைக் கொண்டு வெளியே நடப்பதை மனத்தில் உருவாக்கி, அமைதியானதும் மேலே வந்து வரைந்தார். துப்பாக்கியேந்திய உருவங்களும் மண்டையோடுகளும் நிறைந்த அப்படங்கள்தாம் அவரை உலகறியச் செய்தன. ஆயினும் போர் ஓவியர் என்ற அடையாளத்தை அவர் ஏற்கவில்லை. போருக்கு முன்பும் தெருச்சிறுவர்களையே வரைந்தவர் அவர்.

அடுத்து, எங்கும் எழும் ஒரு கேள்வி: இது நியூயார்க் ஓவியர் ஜான்-மிஷேல் பாஸ்கியாவின் சாயல் அல்லவா? மண்டையோடு, கிறுக்கல், எழுத்து எல்லாம் ஒத்திருப்பது உண்மைதான். ஆனால் சாயல் எந்தத் திசையில் பாய்ந்தது என்பதை அவ்வளவு எளிதாக முடிவு செய்துவிடக் கூடாது. 1986இல் பாஸ்கியா தம் படங்களுடன் அபிஜானுக்கு வந்து கண்காட்சி வைத்தார். வடக்கே செனுஃபோ மக்கள் வாழும் கொரோகோ பகுதிக்கும் சென்றார். அந்த ஆண்டு அபுடியா சிறு குழந்தை. அபிஜானில் பிறந்த ஓவியர் வாத்தாரா வாட்ஸை 1988 ஜனவரியில் பாரிசில் சந்தித்தபின், மறுபடியும் கோத் திவ்வாருக்குப் போகப் பாஸ்கியா திட்டமிட்டிருந்தார். அந்தப் பயணத்துக்கு முன்பே, ஆகஸ்ட் 12 அன்று, 27 வயதில் இறந்தார். ஆப்பிரிக்காவைத் தேடி வந்தவர் பாஸ்கியா. தேடாமலே அதன் தெருவில் நின்றவர் அபுடியா. எனவே முன்னவரை மூலம் என்றும் பின்னவரை நகல் என்றும் எழுதும் விமரிசனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹிஸ்காக்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியல்படி, 2022இல் ஏலத்தில் விற்ற படைப்புகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற சமகால ஓவியர் அபுடியா. 75 படைப்புகள் விற்றன. ஏலச் செய்திகள் இந்த எண்ணோடும் விலையோடும் நின்றுவிடுகின்றன. படத்துக்குள் நிற்கும் சிறுவர்களை அவை பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மாணவர்களே, அவருடைய படம் ஒன்றின் முன் நிற்கும் வாய்ப்பு கிட்டினால், முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். கூட்டமாக நிற்கும் பிள்ளைகள் அனைவரும் உங்களையே நேருக்கு நேர் பார்ப்பது தெரியும். பிறகு, மூக்கு கித்தானைத் தொடும் அளவுக்கு நெருங்கிச் செல்லுங்கள். ஏதோ ஒரு நாளின் செய்தித்தாள், ஒரு பிள்ளையின் நெற்றிக்குக் கீழே, பாதி படிக்கும்படியாக இன்னும் இருக்கும்.