ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இது மே மாதம். ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, வெயிலில் அலைந்து கறுத்துப்போன ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் அது ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகும். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு என்றால் வீடே கவலைப்படும். டிவியை அணைத்து வைப்பார்கள், கோயிலில் பேனாவை வைத்துப் பூஜை செய்வார்கள், மாமா சித்தப்பா எல்லாம் போன் போட்டு விசாரிப்பார்கள். ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையை அப்படி யாரும் விசாரிப்பதில்லை. பாஸ்தானே என்று விட்டுவிடுகிறோம். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு, நான் அதன் பக்கம்தான். ஆனால் ஒன்று: ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை சத்தமில்லாமல் பின்தங்கினால் அது யார் கண்ணிலும் படாது. ஒன்பதாம் வகுப்பில்தான் படும். அதற்குள் மூன்று வருடம் போயிருக்கும்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புதான் எடுத்தேன். எங்கள் ஊரில் ஐந்தாவது முடித்தவர்கள் கடைத்தெருப் பக்கம் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போவார்கள். அங்கே போன பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்று கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர்தான் தமிழும் கணக்கும் அறிவியலும் நடத்துவார். காலை பிரேயரிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை பெரும்பாலும் அதே முகம். எந்தப் பிள்ளை இரவு தூங்கவில்லை, யார் வீட்டில் நேற்றுச் சண்டை, யார் கழித்தலில் கடன் வாங்க மறப்பான், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர். மணி அடித்தால் ஆள் மாறிவிடும். அந்த ஆசிரியர் அடுத்த பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்கோ பத்தாம் வகுப்புக்கோ ஓட வேண்டும். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுடைய வேலை அப்படி. கணக்கு ஆசிரியருக்குப் பிள்ளையின் கணக்கு தெரியும், தமிழாசிரியருக்கு அதன் கையெழுத்து தெரியும். பிள்ளையை முழுசாகத் தெரிந்தவர் அந்தப் பெரிய கட்டடத்தில் யாரும் இல்லை. பாடம் கஷ்டமாவது இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை இதுதான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சின்ன வயதில் காதில் சீழ் வைத்து, இடது காது அவனுக்குக் கேட்காது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவும் பார்த்து அதைத்தான் சொன்னது. வலது காது நன்றாகக் கேட்கும். அதனால் என் வகுப்பில் அவனை முதல் வரிசையில், வலது காது என் பக்கம் திரும்பியிருக்கிற மாதிரி உட்கார வைத்திருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவன் வாய்ப்பாடு ஒப்பிப்பான், கதை சொன்னால் கண் கொட்டாமல் கேட்பான், மற்ற பிள்ளைகளைப் போலத்தான் படித்தான். சொல்லப்போனால் மனக்கணக்கில் அவன்தான் முந்துவான்.

ஆறாம் வகுப்புக்குப் போனான். அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். ரேஷன் கடை வரிசையில் அவனுடைய பாட்டியைப் பார்த்தேன். "டீச்சர், உங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தானே படிச்சான்? இப்ப மக்குன்னு சொல்றாங்களாம். கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறானாம். பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்னு அழறான்" என்றார். மக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மாலை நேராக மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன்.

அங்கே என்ன நடந்திருக்கிறது பாருங்கள். புது வகுப்பில் பிள்ளைகளை உயரப்படி உட்கார வைத்திருக்கிறார்கள். இவன் உயரமான பையன். கடைசி வரிசையில், வலது பக்கச் சுவர் ஓரம் இடம் கிடைத்திருக்கிறது. அதாவது கேட்கிற காது சுவர்ப் பக்கம், கேட்காத காது வகுப்பின் பக்கம். ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. இரண்டு தடவை கூப்பிட்டு, மூன்றாவது தடவை கத்தினால் திடுக்கிட்டு எழுந்து நிற்பான். வகுப்பே சிரிக்கும். இது பாடத்துக்குப் பாடம் நடந்திருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியரும் தன் பீரியடில் இவன் கவனிப்பதில்லை என்று மட்டும் நினைத்திருக்கிறார். அவன் வாய் திறந்து சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். பத்து வயதுப் பையன், புது இடத்தில், ஐம்பது பேர் முன்னால், எனக்கு ஒரு காது கேட்காது சார் என்று சொல்ல மாட்டான். அதை மறைக்கத்தான் பார்ப்பான்.

வகுப்பாசிரியை நல்ல மனுஷி. நான் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளே அவனை முன் வரிசைக்குக் கொண்டு வந்து, மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லிவிட்டார். ஐந்து நிமிட வேலை. அதற்காக அந்தப் பையன் ஜூனிலிருந்து டிசம்பர் வரை மக்கு என்று பெயர் எடுத்திருக்கிறான்.

அன்றைக்கு அவனுடைய மாற்றுச் சான்றிதழ் நகலை எடுத்துப் பார்த்தேன். நாம் டி.சி. என்று சொல்கிறோமே, அதுதான். அதில் பிறந்த தேதி இருக்கிறது, சாதி இருக்கிறது, அங்க அடையாளம் இரண்டு இருக்கிறது. வலது முழங்கையில் ஒரு மச்சம் என்று நானே எழுதியிருக்கிறேன். ஒழுக்கம் நன்று என்றும் எழுதியிருக்கிறேன். மச்சத்தை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது. கேட்காத காதை எழுத இடம் இல்லை.

அடுத்த ஆண்டிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதத் தொடங்கினேன். அரசு ஆணையும் இல்லை, படிவமும் இல்லை. சாதாரண வெள்ளைத் தாளில் கையால் எழுதியதுதான். சில உதாரணம் சொல்கிறேன். 'இவளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் திக்குவாள். முதலில் மனதுக்குள் ஒரு தடவை படிக்கவிட்டால் திக்காமல் படிப்பாள்.' 'இவனுடைய அப்பா, அம்மா திருப்பூரில் வேலை செய்கிறார்கள், பாட்டியோடு இருக்கிறான். பாட்டி கைநாட்டுதான் வைப்பார். பெற்றோர் கையெழுத்து இல்லை என்று வெளியே நிறுத்த வேண்டாம்.' 'இவனுக்கு வகுத்தல் இன்னும் வரவில்லை. ஆனால் ஆட்டுக் கணக்கு, பால் கணக்கு கேட்டால் வாயாலேயே சொல்லுவான், அங்கிருந்து தொடங்கலாம்.' இப்படித்தான். அதை எடுத்துக்கொண்டு ஜூன் முதல் வாரம் ஒரு நாள் நேரில் போய் வகுப்பாசிரியரிடம் கொடுப்பேன். அவர் அதை அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்குள் செருகி வைத்துக்கொள்வார்.

அதில் எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். குறும்பு, சோம்பேறி, பொய் சொல்லுவான், இதையெல்லாம் எழுதவே மாட்டேன். புதுப் பள்ளி என்பது ஒரு பிள்ளை பழைய பெயரை விட்டுவிட்டு வரக் கிடைத்த வாய்ப்பு. அந்தப் பெயரை நாம் தாளில் எழுதி முன்னாலேயே அனுப்பி வைக்கக் கூடாது. பிள்ளைக்கு என்ன உதவி தேவை, எது நன்றாக வரும், இவை மட்டும் போதும்.

இப்போது எமிஸ் எண், அதாவது கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற எண், வந்துவிட்டது, பிள்ளையின் விவரமெல்லாம் கணினியில் கூடவே போகிறது, பிறகு எதற்கு அரைப் பக்கம் என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். விவரம் போகிறது, சரி. அதைத் திறந்து பார்த்து, இந்தப் பிள்ளையை எங்கே உட்கார வைக்கலாம் என்று யோசிக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? மேல்நிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே நாளில் வந்து சேர்கிறார்கள். நேரில் போய்க் கையில் கொடுத்தால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. இந்த உரையைக் கேட்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த மே மாதத்தில் ஒரு மாலை உட்கார்ந்து எழுதுங்கள்.

ஆசிரியர் எழுதவில்லை என்றால்? பெற்றோர் போகலாம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்பாசிரியர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மாலையில் போய்ப் பாருங்கள். படிக்காதவர்கள் தயங்குகிறார்கள், பெரிய பள்ளிக்கூடம், நம்மை உள்ளே விடுவார்களா என்று. தாராளமாகப் போங்கள், அது உங்கள் பள்ளிக்கூடம். கண் தெரியுமா, காது கேட்குமா, வலிப்பு உண்டா, வீட்டில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், இதை மட்டும் சொன்னால் போதும். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். அது கூனிக் குறுகிவிடும்.

மறுபடியும் சொல்கிறேன், இப்போதுதான் வானொலியைப் போட்டவர்களுக்காக: புதுப் பள்ளியில் உங்கள் பிள்ளையை முழுசாகத் தெரிந்த ஒரே ஓர் ஆள் இருக்க வேண்டும். வகுப்பாசிரியராக இருந்தால் நல்லது. இல்லையென்றால் பி.இ.டி. சாராக இருக்கட்டும், சத்துணவு அமைப்பாளராக இருக்கட்டும். ஓர் ஆள்.

அடுத்து, சாப்பாடு. இதை யாரும் யோசிப்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி திருக்குவளையில் தொடங்கி வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். அருமையான திட்டம். பள்ளியில் பொங்கல், உப்புமா, கிச்சடி சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளையின் முகமே வேறு. ஆனால் அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று வகுத்த திட்டம். ஆறாம் வகுப்பில் மதிய உணவு உண்டு, காலை உணவு கிடையாது. நடுநிலைப் பள்ளியில் பார்த்தால் தம்பி சாப்பிடுவான், ஆறாவது படிக்கிற அண்ணன் வராந்தாவில் நிற்பான். விடிந்ததும் வேலைக்குப் போகிற தாய்மார்கள், பிள்ளை பள்ளியில் சாப்பிட்டுக்கொள்ளும் என்று பழகியிருப்பீர்கள். ஜூனில் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும். பெரிய பள்ளி தூரம். பிள்ளை முன்னைவிடச் சீக்கிரம் கிளம்பும். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் சரி, எதையாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள். காலையில் இரண்டாவது பீரியடிலேயே தலையைச் சாய்க்கிற பிள்ளையைப் பாடம் புரியாத பிள்ளை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் அது பசி. இந்தத் திட்டத்தை எட்டாம் வகுப்பு வரைக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோர்களும் இதைக் கேட்க வேண்டும்.

பாடத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பருவத்திலேயே இயற்கணிதம் வந்துவிடும். எண்ணுக்குப் பதில் எழுத்து. சமூக அறிவியலில் வரலாறு தனி, புவியியல் தனி, குடிமையியல் தனி. பெருக்கலும் வகுத்தலும் தடுமாறுகிற பிள்ளைக்கு அங்கே போய் விகித சமம் எப்படிப் புரியும்? 2025இல் 'திறன்' என்று ஒரு திட்டத்தை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கொண்டு வந்தார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை வராத பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுப்பது. அதில் உங்கள் பிள்ளையைச் சேர்த்தால் அவமானமாக நினைக்காதீர்கள், வேண்டாம் என்று சண்டைக்கும் போகாதீர்கள். விடுமுறையில் நீங்கள் டியூஷனுக்கு அனுப்பி ஆறாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்த வேண்டியதில்லை. வாய்ப்பாடு, தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசிப்பது, போதும். அப்புறம் டைம் டேபிளைப் பார்த்துப் பை அடுக்கக் கற்றுக் கொடுங்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நோட்டு எடுத்து வரவில்லை என்று வாங்கும் திட்டுதான் ஆறாம் வகுப்பில் அதிகம்.

நேரம் முடியப்போகிறது என்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பத்து, பதினோரு வயதில் இந்த மாற்றமும் வயதுக்கு வருவதும் பல பிள்ளைகளுக்குச் சேர்ந்தே வருகின்றன. அம்மாமார்கள் பள்ளி திறக்கும் முன்பே பேசிவிடுங்கள். நாப்கின் யாரிடம் கேட்க வேண்டும், கழிப்பறை எங்கே என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். அரசுப் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்பில் தனியாருக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள்: மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அரசு பஸ்ஸில் இலவசமாகப் போகிற பிள்ளையை, பஸ் பாஸ் வரும்வரை சீருடையோடு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று: டி.சி. இன்னும் கைக்கு வரவில்லை என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். டி.சி. தாமதமாகிறது என்பதற்காக ஓர் அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவிலேயே அது இருக்கிறது. மறுத்தால் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எண்ணைத் திரும்பச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஏழு. வணக்கம்.