பெட்டிக்குள் பெய்யும் மழை

நேயர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சி வட்டாரத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் துகளைக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்துகிறார்கள். காயர் பித் கட்டி என்பது அதுதான். நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் மண்ணுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கட்டிகள் ஏற்றிய ஒரு 40 அடி கன்டெய்னர் தூத்துக்குடியில் கப்பலேறி ராட்டர்டாமில் இறங்குவதற்குள் எங்கெங்கே கெட வாய்ப்பு இருக்கிறது, ஏன் கெடுகிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். மஞ்சள் அனுப்புகிறவருக்கும் துணி அனுப்புகிறவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன்பெல்லாம் மூட்டை மூட்டையாகத்தான் ஏற்றினார்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் யாராவது ஒருவர் கண்ணில் நனைந்த மூட்டை பட்டுவிடும். இப்போது ஆலையில் சீல் போட்டுப் பூட்டினால், அடுத்த முறை அந்தச் சரக்கைப் பார்ப்பவர் வாங்கியவர்தான். இடையில் ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகிறது. கடலில் கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் சரக்கில் கணிசமான பங்கு, கதவு மூடும்போதே கெடத் தயாராக இருந்த சரக்குதான்.

முதலில் காலிப் பெட்டியைப் பாருங்கள். காலிப் பெட்டிகள் வைக்கும் யார்டிலிருந்து டிரைவர் எடுத்து வருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் அதிகம். ஒருவர் உள்ளே போய், வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்லி, இரண்டு நிமிடம் இருட்டில் நிற்க வேண்டும். கூரையிலோ மூலையிலோ ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழியாமல் இருக்கிறதா, தரைப் பலகையில் ஈரமோ எண்ணெய்க் கறையோ ஆணியோ இருக்கிறதா, முன்பு போன சரக்கின் வாடை வீசுகிறதா என்று பார்க்க வேண்டும். தரைப் பலகையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயாமலே அனுப்பிவிடுவதும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். பலகை குடித்த நீர் வழியில் உங்கள் சரக்குக்கு வந்து சேரும். கதவில் பொறித்திருக்கும் பெட்டி எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். இதில் ஓர் இலக்கம் பிசகினால் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில் முதல் கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பி.எல். வரை எல்லாவற்றையும் திருத்த வேண்டி வரும்.

இனி ஈரம். இதற்குத்தான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

40 அடி ஹை-க்யூப், அதாவது உயரம் கூடிய, பெட்டியின் உள்ளளவு சுமார் 76 கன மீட்டர். சரக்கே இல்லாமல், 30 டிகிரி வெப்பத்தில் அதற்கு மேல் ஈரம் ஏற முடியாத அளவுக்கு ஈரமான காற்று நிறைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் இருக்கும் தண்ணீர் மொத்தமே 2.3 லிட்டர்தான். ஆனால் ராட்டர்டாமில் கதவைத் திறக்கும்போது மேல் அடுக்கு முழுவதும் சொட்டச் சொட்ட நனைந்து, பூஞ்சை பூத்துக் கிடக்கிறதே, அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? சரக்கிலிருந்துதான். 5 கிலோ கட்டியில் 15 சதவீதம் ஈரம் என்றால் ஒரு கட்டிக்குள் முக்கால் லிட்டர் தண்ணீர். ஒரு பெட்டியில் 4,560 கட்டிகள் என்று கொண்டால் 3,420 லிட்டர். ஈரம் 20 சதவீதமானால் 4,560 லிட்டர். ஒரு சிறிய தண்ணீர் லாரியையே உள்ளே வைத்துப் பூட்டி அனுப்புகிறோம்.

பகலில் வெயில் பட்டுக் கூரைத் தகடு கொதிக்கும்போது மேல் அடுக்குக் கட்டிகள் ஆவி விடுகின்றன. இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஆவி கூரையின் உட்பக்கம் நீர்த்துளியாகப் படிந்து, சேர்ந்து, சரக்கின் மேலேயே சொட்டுகிறது. நாள்தோறும் இது நடக்கும். குளிர்காலத்தில் ஐரோப்பாவை நெருங்கும்போது வெளிக்காற்று சடாரென்று குளிர்வதால் சொட்டு மழையாகிவிடும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அந்த வழியில் பயணம் ஒன்றிரண்டு வாரம் நீள்கிறது, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டியிருக்கிறது. வெயிலும் குளிரும் மாறி மாறி அடிக்கும் இரவுபகல்கள் அந்த அளவுக்குக் கூடுகின்றன.

உடனே எல்லோரும் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்வார்கள். கால்சியம் குளோரைடு பைகள் நல்லவைதான், தம் எடையை விட அதிகமான நீரைக் குடிக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 16 கிலோ எடைக்குப் பைகள் தொங்கவிட்டால் 30 லிட்டர் வரை குடிக்கலாம். உள்ளே இருப்பதோ ஆயிரக்கணக்கான லிட்டர். நன்றாகக் காய்ந்த சரக்கிலிருந்து கசியும் கொஞ்ச ஈரத்தைப் பை தாங்கும். காயாத சரக்கைப் பை காயவைக்காது. ஆகவே காசு செலவழிக்க வேண்டிய இடம் காயவைக்கும் களம்தான்.

சோதனையையும் சரியாகச் செய்ய வேண்டும். கட்டியின் மேல்பரப்பில் ஈரம் அளக்கும் மீட்டரைக் குத்திப் பார்த்தால் காய்ந்ததாகவே காட்டும். கட்டியை உடைத்து நடுப்பகுதியிலிருந்து 100 கிராம் எடுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, குறைந்த கிராமைப் பாருங்கள். அதுவே ஈரச் சதவீதம். ஒவ்வொரு நாள் உற்பத்தியிலும் சில கட்டிகளை இப்படிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஸ்டஃபிங், அதாவது பெட்டியில் சரக்கு ஏற்றுவது, செய்வதானால் கூரைக்குக் கீழேதான் செய்ய வேண்டும். கதவைத் திறந்துவைத்து இரவு முழுக்கப் பெட்டியை வெளியில் விடவே கூடாது. சரக்கின் மேல் உறிஞ்சும் அட்டையோ கிராஃப்ட் காகிதமோ விரித்தால் சொட்டும் நீரை முதலில் அது வாங்கிக்கொள்ளும். பூச்சி கொல்லும் புகையூட்டலுக்காகப் பக்கச் சுவரின் காற்றுத் துளைகளில் ஒட்டிய டேப்பை, வேலை முடிந்ததும் உரித்துவிட்டார்களா என்றும் பாருங்கள்.

அடுத்து அடுக்குவது. 1.2 மீட்டருக்கு 1 மீட்டர் பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டில், ஓர் அடுக்குக்கு 12 கட்டி, 19 அடுக்கு, ஆக 228 கட்டி. 20 பேலட்டுக்கு 22.8 டன். உயரத்தில் ஓர் எச்சரிக்கை. ஹை-க்யூப் பெட்டியின் உள் உயரம் சுமார் 2.7 மீட்டர், கதவு வாசலோ 2.58 மீட்டர்தான். பித் கட்டி ஈரம் வாங்கினால் உப்பும். ஏற்றும்போது நூலிழையில் நுழைந்த பேலட் இறக்கும்போது வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். பத்து சென்டிமீட்டராவது விட்டு வைக்க வேண்டும்.

20 பேலட் ஏற்றினாலும் பக்கவாட்டில் அரையடியும் கதவுப் பக்கம் ஒரு மீட்டர் அளவும் இடம் மிஞ்சும். அந்த இடைவெளிதான் ஆபத்து. கப்பல் பக்கவாட்டில் உருளும்போது, சரக்கின் எடையில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட விசை பக்கச் சுவரின் மேல் வந்து தள்ளக்கூடும். இடைவெளியில் காற்றுப் பைகளை வைத்து ஊத வேண்டும். கதவுப் பக்கம் மரச்சட்டம் கொடுத்தோ பட்டை கட்டியோ நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும் ஊரில் கதவைத் திறப்பவர் மேல் பேலட் சாயும். எடையையும் ஒரு பக்கமாகக் குவிக்காதீர்கள். பெட்டி நீளத்தின் ஒரு பாதியில் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நடைமுறை விதி.

பேலட் மரத்தில் பூச்சி இல்லாமல் செய்ததைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம்.-15 முத்திரை கட்டாயம். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும், கோதுமைக் கதிர்க் குறியும் நாட்டுக் குறியும் தெளிவாகத் தெரிய வேண்டும். இதைப் பலரும் செய்துவிடுகிறார்கள். கடைசி நேரத்தில் முட்டுக் கொடுக்கத் தொழிற்சாலை மூலையில் கிடந்த இரண்டு கட்டையைச் செருகுவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முட்டுக்கட்டைக்கும் அதே விதிதான். முத்திரையில்லாத ஒரு துண்டு போதும், இறங்கும் துறைமுகத்தில் பெட்டியை நிறுத்திவிடுவார்கள்.

எடைக்கு வருவோம். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையை, அதாவது வி.ஜி.எம்., அறிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலகளாவிய கடல் பாதுகாப்பு விதி. இதற்குப் பின்னணி உண்டு. 2007இல் இங்கிலீஷ் கால்வாயில் சேதமடைந்த ‘எம்.எஸ்.சி. நாப்போலி’ கப்பலின் மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 பெட்டிகளை எடைபோட்டார்கள். 137 பெட்டிகளில் அறிவித்த எடைக்கும் உண்மை எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். கனமான பெட்டி அடுக்கின் உச்சியில் இருந்தால் கீழே உள்ளவை நசுங்கும், அடுக்கே சரியும்.

எடை சொல்ல இரண்டு வழி. சரக்கு ஏற்றிய பெட்டியை முழுதாக எடைமேடையில் ஏற்றுவது ஒன்று. சரக்கு, பேலட், முட்டு எல்லாவற்றையும் தனித்தனியே எடைபோட்டு, கதவில் எழுதியிருக்கும் பெட்டியின் சொந்த எடையைக் கூட்டுவது இன்னொன்று. நம் சரக்குக்கு முதல் வழிதான் நல்லது. கட்டிக்கு 200 கிராம் கூடினாலே 4,560 கட்டிக்கு 912 கிலோ கூடிவிடும், காகிதக் கணக்கு அதைக் காட்டாது. டிரெய்லரின் வெற்று எடையையும் அன்றே எடுங்கள், போன மாத ரசீதைக் கழிக்காதீர்கள். கப்பல் லைன், அதாவது கப்பல் நிறுவனம், கொடுத்த கடைசி நேரத்துக்குள் வி.ஜி.எம். போகாவிட்டால் பெட்டி அந்தக் கப்பலில் ஏறாது, அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். யார்டில் கிடக்கும் நாளுக்கெல்லாம் கட்டணம் ஏறும்.

ஆலையிலேயே ஏற்றிப் பூட்டுகிறவர்கள் மின்னணுச் சீல் போட்டு, அதன் எண்ணை ஷிப்பிங் பில்லோடு இணைக்கிறார்கள். சுங்கத்துறை ஏற்றுமதி அனுமதி தந்த பிறகே பெட்டி கப்பலேறும். தூத்துக்குடியிலிருந்து போகும் பெட்டிகள் பலவும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அங்கே இணைப்புக் கப்பலைத் தவறவிட்டால் ஒரு வாரம் போய்விடும் என்பதைக் கணக்கில் வைத்தே வாங்குபவரிடம் தேதி சொல்லுங்கள். முழுப் பெட்டி நிரம்பாத சிறு சரக்கானால், மற்றவர்களுடைய சரக்கோடு சேர்த்து எல்.சி.எல். முறையில் அனுப்பலாம். ஆனால் பக்கத்தில் என்ன சரக்கு வரும் என்பது உங்கள் கையில் இல்லை. இறங்கும் ஊரில் கிடங்குக் கட்டணம் வாங்குபவரைத் திகைக்க வைக்கும் அளவுக்குக் கூட வரும்.

பழக்கத்தில் எல்லோரும் எஃப்.ஓ.பி. விலை பேசுகிறார்கள். கன்டெய்னருக்கு அது பொருந்தாத ஏற்பாடு. எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை இழப்பு விற்பவருடையது. நீங்களோ பெட்டியைத் துறைமுக முனைய வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். இடைப்பட்ட நாட்களில் அங்கே என்ன நடந்தாலும் உங்கள் தலையில் விழும். பெட்டியை ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு கைமாறும் எஃப்.சி.ஏ. முறையைக் கேட்டுப் பேசுங்கள்.

காப்பீடு பற்றி ஒரு விஷயம். 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கிக்கொண்டது நினைவிருக்கும். அதன் உரிமையாளர் பொதுச் சராசரி அறிவித்தார். அப்படி அறிவித்தால், கப்பலை மீட்ட செலவில் சரக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பங்கு தர வேண்டும். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருந்தாலும் உத்தரவாதம் கொடுக்காமல் சரக்கு கைக்கு வராது. காப்பீடு இருந்தால் அந்த உத்தரவாதத்தை நிறுவனம் கொடுக்கும், இல்லாதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும். சரக்கின் விலை, கப்பல் கூலி, காப்பீட்டுக் கட்டணம் மூன்றையும் கூட்டி, அதன்மேல் 10 சதவீதம் சேர்த்துக் காப்பீடு செய்வது வழக்கம். ‘ஆல் ரிஸ்க்’ என்று சொல்லி விற்கும் பாலிசிகூட சரக்கின் சொந்த இயல்பால் வந்த கேட்டுக்கும் மோசமான பேக்கிங்குக்கும் பணம் தராது. ஈரம் நிறைந்த கட்டியிலிருந்து வந்த நீர் அதே கட்டியை நனைத்தது என்று, சேதத்தை ஆராய வரும் சர்வேயர் எழுதிவிட்டால், கோரிக்கை அங்கேயே முடிந்தது. அதனால் ஈரச் சோதனை அறிக்கையையும், காலிப் பெட்டி, பாதி ஏற்றிய நிலை, முழுதும் ஏற்றிய நிலை, சீல் எண் ஆகியவற்றின் படங்களையும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக வைத்திருங்கள்.

வாங்குபவருக்கும் இரண்டு வேலை சொல்லி வையுங்கள். சீலை வெட்டுவதற்கு முன் அதன் எண்ணைப் பி.எல்.லில் உள்ளதோடு ஒப்பிட்டுப் படம் எடுக்க வேண்டும். உள்ளே சேதம் தெரிந்தால் இறக்குவதை நிறுத்திவிட்டு சர்வேயரை அழைக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்தை, சரக்கு கைக்கு வந்த மூன்று நாளுக்குள் கப்பல் லைனுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்குப் போடுவதானால் ஓராண்டுக்குள் போட வேண்டும். சமரசப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் லைன் எழுத்தில் அவகாசம் தராதவரை அந்த ஓராண்டு நிற்காமல் ஓடும்.

நன்றி, வணக்கம்.