பத்து நிமிஷக் கணக்கு: உறைகுளிரில் பள்ளிகளை மூடுவது அவசியமே!

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, பேசிப் பேசியே இந்த மண்டபத்துக்கு ஹீட்டர் தேவையில்லாமல் பண்ணிவிட்ட எதிரணி நண்பர்களே, திரும்பப் போகும்போது கார் கிளம்புமா கிளம்பாதா என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும், அமெரிக்காவின் வட எல்லை மாநிலமான மினசோட்டாவின் தமிழ் மக்களே, எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

காலையில இங்க பால் பொங்குச்சே, பார்த்தீங்களா? மின்சார அடுப்பில பொங்குச்சு. சம்பிரதாயப்படி வாசல்ல வெச்சிருந்தா பால் பொங்கியிருக்காதுங்க, பாறையாயிருக்கும். பொங்கலையே பத்திரமா உள்ளே தூக்கிட்டு வந்துட்டோம். பிள்ளைகளை மட்டும் தெருமுனையில நிக்க வைக்கலாமாங்கிறதுதான் இன்னைக்கு வழக்கு. உறைகுளிரில் பள்ளிகளை மூடுவது அவசியமா, அநாவசியமா? அவசியமேன்னு வாதாட வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி, "நாங்கல்லாம் கொட்டுற மழையில புத்தகப்பையைத் தலையில கவுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனோம், இந்தக் காலத்துப் பிள்ளைங்க பஞ்சுப்பொதி"ன்னாரு. நீங்களும் கைதட்டினீங்க. தம்பி, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. அடைமழை அன்னைக்கு விடியுமுன்னே எழுந்து டி.வி. முன்னால உட்கார்ந்து, "கனமழை: பள்ளிகளுக்கு விடுமுறை"ன்னு கீழே ஓடுற வரியில நம்ம மாவட்டம் பேரு வருதான்னு சாமி கும்பிட்டது யாரு? பக்கத்து மாவட்டத்துக்கு விட்டு நமக்கு விடலைன்னா கலெக்டரை என்னென்ன சொன்னோம்! மழைக்கு லீவு விடறது நம்ம ஊர்ல காலங்காலமா இருக்கு. வெயிலுக்கும் விட்டிருக்காங்க. 2023ல ஜூன் 1 திறக்க வேண்டிய பள்ளிகளை 7க்குத் தள்ளி, மறுபடி 12க்குத் தள்ளி, அதிலயும் ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் 14ன்னு வெச்சாங்க தமிழ்நாட்டுல. அந்தக் கூடுதல் ரெண்டு நாளைக் கொஞ்சம் கவனிங்க. சின்னப் பிள்ளைங்கன்னா தனிக் கணக்கு.

எதிரணி அக்கா நேரா சைபீரியாவுக்கே போயிட்டாங்க. "யாகுட்ஸ்க் நகரத்துல மைனஸ் 40 செல்சியஸ்ல பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்க, நமக்கு என்ன கேடு?"ன்னு கேட்டாங்க. போறாங்க, மறுக்கலை. ஆனா அக்கா கதையைப் பாதியில நிறுத்திட்டாங்க. அதே யாகுட்ஸ்க்ல மைனஸ் 45 வந்தா சின்ன வகுப்புகளுக்கு லீவு. இன்னும் இறங்க இறங்கப் பெரிய வகுப்புகளுக்கும். மைனஸ் 55 ஆயிட்டா எல்லாருக்கும் கதவடைப்பு. குளிருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவங்களே ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க. கோடே வேண்டாம்னு சொல்றது எதிரணிதான். அக்கா, நீங்க கூட்டிட்டு வந்த சாட்சி எங்க பக்கத்து நாற்காலியில வந்து உட்கார்ந்துட்டாரு.

நான் கோவில்பட்டிக்காரி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னு எங்க ஆச்சி சொல்லுவாங்க. கோவில்பட்டியில அது சும்மா பேச்சுக்கு. இங்க அது கட்டட விதி! மினியாபொலிஸ் பக்கம் வீடு கட்டினா அஸ்திவாரத்தை 42 அங்குலம் இறக்கணும், மாநிலத்தோட வடக்கே போனா 60 அங்குலம். அந்த ஆழம் வரைக்கும் தரையைப் பனி துளைக்கும்னு கணக்கு. ஆச்சி இஞ்சினீயராப் பிறந்திருக்க வேண்டியவங்க.

இங்க நான் ஒரு தொடக்கப்பள்ளியில உதவி ஆசிரியை. பேருதான் உதவி ஆசிரியை, நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஜிப்பு ஆசிரியை. ஸ்னோ பேன்ட் மாட்டி, பூட்ஸ் மாட்டி, கையுறை மாட்டி, ஜிப்பை மேலே இழுத்து முடிக்கிறப்ப அந்தப் பிள்ளை, "எனக்கு ஒண்ணுக்கு வருது"ன்னு சொல்லும். சிரிக்காதீங்க, சம்பளம் அதுக்குத்தான். காலையில 7.20க்குப் பஸ் வந்து நிக்கிற வாசல்ல பிள்ளைகளை இறக்கி விடறதும் நான்தான். அதனால நான் பேசப்போறது பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருக்கிற சூட்டைப் பத்தி இல்லை. எதிரணியில அத்தனை பேரும் "வகுப்பறை கதகதப்பா இருக்கு, பிறகென்ன?"ன்னு கேட்டாங்க. வகுப்பறையில யாருக்கும் குளிரலைங்க. தெருமுனையிலதான் குளிருது.

இந்த நாட்டு வானிலைத் துறை ஒரு அட்டவணை வெச்சிருக்கு. வெப்பநிலை மைனஸ் 20 பாரன்ஹீட், காத்து 15 மைல் வேகம்னா, உடம்புக்கு அது மைனஸ் 45. நம்ம கணக்குல சொன்னா மைனஸ் 29 செல்சியஸ் காத்தோட சேர்ந்து மைனஸ் 43 ஆயிடுது. மூடாத தோல் பத்தே நிமிஷத்துல உறைய ஆரம்பிக்கலாம்னு அந்த அட்டவணை சொல்லுது. இந்தக் கணக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? 2001ல அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து போட்டது. டொராண்டோவில ஒரு காற்றுச் சுரங்கத்துல ஆட்களை நடக்க விட்டு, முகத்துல எவ்வளவு சூடு போகுதுன்னு அளந்தாங்க. நடந்தவங்க யாரு? பெரியவங்க. கணக்குல இருக்கிற முகம் தரையிலேர்ந்து அஞ்சடி உயரத்துல இருக்கிற முகம். என் வகுப்புப் பிள்ளைகள்ல அஞ்சடி ஒருத்தர் கிடையாது. சின்ன உடம்புல எடைக்குத் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் போயிடும். சின்ன டம்ளர் காபி எப்படி ஆறுது, அண்டாவுல இருக்கிற வெந்நீர் எப்படி ஆறுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பத்து நிமிஷம் இருக்கே, பஸ் வந்துடாதான்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கலே. மார்கழியில நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைஞ்சுபோய், குச்சியை விட்டுக் கிண்டுவோமே, டீசலுக்கும் அதே கதி. டீசல்ல இருக்கிற மெழுகு திரண்டு ஃபில்டரை அடைச்சுக்கும். பேட்டரி பலம் குறையும், கதவு ஒட்டிக்கும். குளிர்கால டீசல், எஞ்சினுக்கு ராத்திரி முழுக்க ஹீட்டர், எல்லாம் பண்றாங்க. அப்படியும் கடுங்குளிர் நாள்ல நாலு பஸ் கிளம்பாது, மத்த பஸ் அந்தத் தடத்தையும் சேர்த்து ஓடும். சாதாரண நாள்ல அஞ்சு நிமிஷம் பிந்துற பஸ் அன்னைக்கு இருபது நிமிஷம் பிந்தும். நடுவர் ஐயா, பிள்ளை எத்தனை நிமிஷம் தாங்குமோ அது குறையிற அதே நாள்ல, எத்தனை நிமிஷம் நிக்கணுமோ அது கூடுது. ரெண்டு கோடும் ஒண்ணையொண்ணு வெட்டுற இடத்துலதான் பள்ளியை மூடுங்கன்னு சொல்றோம். ஒவ்வொரு தூறலுக்கும் இல்லை.

போன வருஷம் இதே தை மாசம். பஸ் பிந்தி வந்துச்சு. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் இறங்குறான். மேல்கோட்டு ஜிப்பு எப்பவோ அறுந்துபோச்சு, அவங்க அம்மா மூணு ஊக்குக் குத்தி அனுப்பியிருக்காங்க. கையுறை இல்லை, அப்பாவோட காலுறை ரெண்டைக் கையில மாட்டியிருக்கான். கண் இமையில மூச்சு உறைஞ்சு வெள்ளையா நிக்குது. "காது வலிக்குதாடா கண்ணு?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டிச் சிரிச்சுக்கிட்டே, "முன்னாடி வலிச்சுது, இப்ப வலிக்கலை"ன்னான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நர்ஸ் அறைக்குக் கூட்டிட்டுப் போனா, அந்தம்மா முகம் மாறிப்போச்சு. காதுமடல் சிவக்கலை, மெழுகு மாதிரி வெளுத்திருக்கு. நம்ம ஊர்ப் பழக்கத்துல நான் தேய்ச்சு விடப் போனேன், கையைப் பிடிச்சுத் தடுத்துட்டாங்க. தேய்க்கவே கூடாதாம். வெதுவெதுப்பான நீர்ல நனைச்ச துணியை வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல உணர்ச்சி திரும்பினதும் பாருங்க, அப்பதான் அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அந்த நர்ஸ் நிம்மதியா மூச்சு விட்டாங்க. காது தப்பிச்சது. வலிக்குதுன்னு சொல்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படணும்னு நினைச்சிருந்தேன் நான், வலிக்கலைன்னு சொல்ற பிள்ளையைப் பார்த்துத்தான் பயப்படணுமாம்.

"பள்ளி திறந்திருக்கட்டும், அனுப்புறதா வேண்டாமான்னு பெத்தவங்க முடிவு பண்ணட்டும்"னு எதிரணித் தலைவர் சமரசம் பேசினாரு. கேட்க நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு வீட்டுல இருக்கப்போற பிள்ளை யாரு? என் பிள்ளை, உங்க பிள்ளை. நாம மடிக்கணினியைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருப்போம். அனுப்பினாலும் சூடேத்தின கார்ல கொண்டுபோய் வாசல்ல இறக்குவோம். பஸ்ஸுக்கு நிக்கப்போறது அந்த ஊக்குக் குத்தின பையன். அவங்க அம்மா அஞ்சு மணி ஷிஃப்ட்டுக்குப் போயாச்சு. முடிவு பண்ண வீட்டுல ஆளே இல்லை. கோட்டு நல்லா இருக்கிற பிள்ளை வீட்டுக்குள்ள, கோட்டு கிழிஞ்ச பிள்ளை தெருவுல. இந்தச் சமரசத்துக்கு வேற விளக்கம் எனக்குக் கிடைக்கலை. பாடமாவது நடக்குமா? பாதி வகுப்பு காலியா இருக்கிற நாள்ல எந்த டீச்சரும் புதுப் பாடம் எடுக்க மாட்டாங்க. படம் போட்டு விடுவோம். ஒரு கார்ட்டூன் படத்துக்காகவா அந்தப் பிள்ளை இருபது நிமிஷம் நிக்கணும்?

சாப்பாட்டு விஷயத்துல எதிரணிக்கு நான் தலைவணங்கத்தான் வேணும். 2023ல இந்த மாநிலம் சட்டம் போட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் இலவசம்னு ஆக்குச்சு. மதிய உணவு பார்த்து வளர்ந்த நமக்கு அதோட அருமை தெரியும். பள்ளியை மூடினா சில வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரியாது. மணிக் கணக்குல கூலி வாங்குற அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். இதை நான் மறைக்கலை, இதுக்கு என்கிட்ட முழு பதிலும் இல்லை. ஆனா பாதி பதில் இருக்கு. வாரக்கடைசிப் பசிக்காக வெள்ளிக்கிழமை பைகட்டி அனுப்புற பழக்கம் பல பள்ளிகள்ல இருக்கு. 2020ல கொரோனா வந்தப்ப, சாப்பாட்டைப் பள்ளி பஸ்ஸுலயே ஏத்தித் தெருத்தெருவாக் கொடுத்த ஊர்களும் உண்டு. லீவை முந்தின நாளே சொன்னா, முந்தின நாளே பையையும் கொடுத்தனுப்பலாம். சாப்பாடு பிள்ளையைத் தேடிப் போக முடியும். அந்தக் காது போச்சுன்னா யார் கொண்டுவந்து கொடுப்பீங்க?

கடைசியா 1888. எதிரணியில அதை ஒரு பிரம்மாஸ்திரமா வெச்சிருந்தாங்க. ஜனவரி 12ஆம் தேதி, டகோட்டா, நெப்ராஸ்கா, நம்ம மினசோட்டா வரைக்கும் அடிச்ச பனிப்புயல். காலையில இதமான வெயில், பிள்ளைங்க மேல்கோட்டுகூட இல்லாமப் பள்ளிக்குப் போச்சுங்க. புயல் வந்து விழுந்தப்ப வீட்டுக்குக் கிளம்பின பிள்ளைகள் வழி தெரியாம உறைஞ்சு செத்தாங்க. மொத்தச் சாவு 235ன்னு சொல்றாங்க, பள்ளிப்பிள்ளைகள் புயல்னே அதுக்குப் பேரு. "பார்த்தீங்களா, பள்ளிக்குள்ளேயே இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்க"ன்னு எதிரணி சொன்னாங்க. உண்மை. நெப்ராஸ்காவில மின்னி ஃப்ரீமன்னு ஒரு சின்ன வயசு டீச்சர், கூரை பிய்ஞ்சு போனதும் தன் பிள்ளைகள் அத்தனை பேரையும் பத்திரமாப் பக்கத்துப் பண்ணைவீட்டுல சேர்த்தாங்க. அந்தம்மாவுக்கு வணக்கம். ஆனா அன்னைக்கு அவங்க கையில முன்னறிவிப்பு எதுவும் வந்து சேரலை. சேர்ந்திருந்தா காலையிலயே பள்ளியைத் திறந்திருப்பாங்களா? வழியில மாட்டிக்கிட்ட பிள்ளைதான் செத்துச்சு. வழியில விடாதீங்கன்னுதானே நாங்களும் சொல்றோம்?

இன்னைக்கு நமக்கு நாலு நாள் முன்னாடியே தெரியுது. 2014ல மாநில ஆளுநர் மார்க் டேட்டன், ஜனவரி 6 திங்கட்கிழமை மாநிலம் முழுக்கப் பள்ளிகளுக்கு லீவுன்னு எப்ப சொன்னாரு? அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பெத்தவங்களுக்கு ரெண்டு நாள் முழுசா இருந்துச்சு. மாநிலம் முழுக்க மூடினது 17 வருஷத்துல அதுதான் முதல் தடவை. அதுக்கும் முன்னால ஒரு தடவை, 1996 பிப்ரவரி 2, வடக்கே டவர்ங்கிற ஊர்ல மைனஸ் 60 பாரன்ஹீட் பதிவான அன்னைக்கும் மூடினாங்க. "தினம் லீவு விட்டா படிப்பு என்னாகும்"னு தம்பி கவலைப்பட்டாரே, இதுதான் தம்பி உங்க "தினம்".

2019 ஜனவரி 30, இங்க மைனஸ் 28 பாரன்ஹீட். அன்னைக்கு இந்த மாநிலத்துல தபால்காரங்களையே வேலைக்கு வர வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. கம்பளி, பூட்ஸ், வண்டி எல்லாம் இருக்கிற வளர்ந்த ஆளு. ஒரு மின்கட்டண பில் ஒரு நாள் பிந்திப் போனா பரவாயில்லைன்னு இந்த அரசாங்கத்துக்குத் தோணியிருக்கு.

நடுவர் ஐயா மணியில கை வெச்சுட்டாரு, முடிச்சுடறேன். எதிரணித் தம்பிக்கு ஒரு அழைப்பு. திங்கட்கிழமை காலை 7.20க்கு நான் பஸ் வாசல்ல நிப்பேன். கையுறை, தொப்பி, ரெண்டு கோட்டு, எல்லாம் போட்டுக்கிட்டே வாங்க. பக்கத்துல ஒரு இருபது நிமிஷம் நின்னுட்டு, அதே பேச்சை அங்க ஒருதடவை பேசிக் காட்டுங்க. வாய் அசைஞ்சா, தீர்ப்பை நானே உங்களுக்கு விட்டுக்கொடுத்துடறேன்.

நன்றி, வணக்கம்.