ஒன்பது புள்ளி, நாலு பட்டை

[திரையில்: கால்மிதி தையல் மெஷின்]

மிதிபலகை முன்னும் பின்னும் ஆடுது, சக்கரம் முழுசா சுத்துது. ரெண்டையும் ஒரு கம்பி இணைக்குது. அசையாத சட்டத்தையும் சேர்த்தா நாலு உறுப்பு. இதே அமைப்பை அட்டையில செஞ்சு பார்ப்போம்.

[திரையில்: டிராயிங் போர்டு, அட்டை, பின்]

போர்டுல 8 செ.மீ. தள்ளி ரெண்டு பின் குத்துங்க. ஒண்ணுல 3 செ.மீ. பட்டை, இன்னொண்ணுல 6 செ.மீ. பட்டை. ரெண்டோட மறுமுனைகளையும் 7 செ.மீ. அடியுள்ள முக்கோண அட்டையால இணைங்க. முக்கோணத்தோட உச்சியில ஓட்டை போட்டு பென்சிலைச் செருகி, சின்னப் பட்டையைச் சுத்துங்க.

[திரையில்: வளைகோடு மெல்ல விழுகிறது]

பட்டைகள் சொல்றது ஒண்ணுதான்: என் நீளம் மாறாது. எழுதினா அது வட்டத்தோட சமன்பாடு, இரண்டாம் படி. மூட்டுகளோட இடத்தை நீக்கிட்டு பென்சில் முனையை மட்டும் வெச்சுக்கிட்டா, ஆறாம் படிச் சமன்பாடு கிடைக்கும். இந்த வளைகோட்டை எந்த நேர்கோடும் 6 இடத்துக்கு மேல வெட்ட முடியாது. சமன்பாடுகளை வெச்சு வடிவங்களைப் படிக்கிற இயற்கணித வடிவியல் இங்கதான் உள்ள வருது.

1923-ல ஜெர்மனியில ஹெர்மன் ஆல்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார். புள்ளிகளை நான் குறிக்கிறேன், அது எல்லாத்து வழியாவும் போற பொறி எது? எத்தனை புள்ளி கேக்கலாம்? ரெண்டு பின்னோட இடத்துக்கு 4 எண், நீளங்களுக்கு 3, பென்சில் ஓட்டைக்கு 2. மொத்தம் 9 எண்; ஒரு புள்ளிக்கு ஒரு நிபந்தனை. ஆக, 9 புள்ளி.

ஒன்பது புள்ளியைக் குறிச்சா எத்தனை பொறி விடையா வரும்னு எண்ணி முடிக்க 1992 வரை ஆச்சு. வாம்ப்ளர், மார்கன், சோமெஸினு மூணு ஆய்வாளர்கள், விடை தெரிஞ்ச சுலபமான சமன்பாடுகள்ல ஆரம்பிச்சு, எண்களைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி இந்தக் கணக்குக்கு வந்தாங்க. ஒவ்வொரு விடையும் நகர்ற பாதையைக் கம்ப்யூட்டர் பின்தொடர்ந்தது. மெய்யெண்ணை மட்டும் நம்பினா விடைகள் பாதி வழியில மறைஞ்சிடும். மைனஸ் ஒண்ணோட வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கிற கலப்பெண்ல பாதை அறுபடாது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

[திரையில்: 4326 = 3 × 1442]

4326 பொறிகள், ஆனா 1442 வளைகோடுகள்தான். ஏன்னா ஒரே வளைகோட்டை மூணு வேற வேற நாலு-பட்டைப் பொறிகள் வரையும்; 1875-லயே ராபர்ட்ஸ்ங்கற கணிதவியலாளர் காட்டின உண்மை இது. பெரும்பாலான விடைகள்ல நீளமே கலப்பெண்ணா வரும், அட்டையில வெட்ட முடியாது.

வெட்ட முடிஞ்சதையும் சுத்திப் பார்த்துத்தான் நம்பணும். நம்ம அட்டைப் பொறியோட சமன்பாடு ஒண்ணுதான், வளைகோடு ரெண்டு துண்டு. ஒன்பது புள்ளியில அஞ்சு ஒரு துண்டுலயும் நாலு இன்னொண்ணுலயும் விழுந்தா, சமன்பாட்டுக்கு அது சரியான விடைதான். ஆனா நீங்க எவ்வளவு சுத்தினாலும் பென்சில் அந்த நாலு புள்ளிக்குப் போகாது. முக்கோணத்துக்கும் 6 செ.மீ. பட்டைக்கும் நடுவுல இருக்கிற பின்னைக் கழட்டி, மூட்டை மறுபக்கம் கொண்டுபோய் மாட்டணும்.

[திரையில்: பின்னைக் கழற்றும் விரல்கள், இரண்டாவது துண்டு விழத் தொடங்குகிறது]