யோலண்ட் பாவன்: நாடகம் வளர்த்த ஜாஸ் குரல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

திருகோணமலையில் இசையும் நாடகமும் பயிலும் இளையோரை மனத்தில் வைத்துப் பேசும்படி இந்த வானொலி நிலையத்தார் என்னை அழைத்தார்கள். இலங்கையில் பிறந்து, அமெரிக்காவின் முதல்வரிசை ஜாஸ் மேடைகளில் பாடிய யோலண்ட் பாவன் என்ற கலைஞரைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைக்காது. பாடகியாகப் புகழ்பெற்றவர், இடையிடையே நடிக்கவும் செய்தார் என்றுதான் அவரைப் பற்றிப் பெரும்பாலும் சொல்கிறார்கள். அவரிடம் நடிப்புப் பயிற்சி இருந்தபடியால்தான் அந்தப் பாட்டு அவருக்குக் கைகூடியது என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சொல்வதே என் நோக்கம்.

ஜாஸ் நம் தீவுக்கு அந்நியமான ஒலியாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இதே திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னர் பிரித்தானியக் கடற்படையின் பெருந்தொகுதி திரும்பி வந்தது. 1957 வரை இது அவர்களுடைய தளமாகவே இருந்தது. படையினருக்காகக் கொழும்பிலிருந்து இயங்கிய ரேடியோ சீயாக் என்ற நிலையத்தின் ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவி போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவை மேலைநாட்டு இசையை ஆசியா முழுவதற்கும் கொண்டுசென்றது. கொழும்பில் பிறந்த யோலண்ட் இந்தச் சூழலில் வளர்ந்தவர். இளமையிலேயே சொந்தமாகக் குழு அமைத்துப் பாடினார், வானொலி நிகழ்ச்சி நடத்தினார், அவுஸ்திரேலிய ஜாஸ் கலைஞர் கிரேம் பெல்லுடன் சுற்றுப்பயணம் செய்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, அங்கே ஹம்ப்ரி லிட்டெல்டன் என்ற டிரம்பெட் கலைஞர் போன்றோரின் குழுக்களோடு பாடிக்கொண்டே நாடக மேடையிலும் நடித்தார்.

இந்த நிலையில்தான், 1962ஆம் ஆண்டில், லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ், ரொஸ் என்ற மூவர் குழுவில் ஓர் இடம் வெற்றிடமானது. டேவ் லம்பேர்ட், ஜோன் ஹென்ட்ரிக்ஸ், ஆனி ரொஸ் ஆகிய மூவரும் அந்நாளைய ஜாஸ் பாடலில் ஈடிணையற்றவர்கள். உடல்நலக் குறைவால் ஆனி ரொஸ் விலகியபோது, அவருடைய இடத்தில் நிற்க அழைக்கப்பட்டவர் நம் யோலண்ட்.

அது எத்தகைய இடம் என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அவருடைய துணிவு விளங்கும். இந்த மூவரின் கலைக்கு வோக்கலீஸ் என்று பெயர். ஒரு சாக்ஸபோன் கலைஞரோ டிரம்பெட் கலைஞரோ ஒலிப்பதிவுக் கூடத்தில் கற்பனையாக வாசித்துவிட்டுப் போன தனி வாசிப்பை எடுத்து, அதன் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசை வீதம் சொல் அமைத்து, அவர் வாசித்த அதே வேகத்தில் பாடுவது இந்தக் கலை. கர்நாடக இசை பயின்றவர்கள் சிட்டைசுரத்துக்கு அமைந்த சாகித்தியத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுரக்கோவை, பாட்டை இயற்றிய வாக்கேயகாரர் நிதானமாக இழைத்தது. இங்கே பாடகி பின்பற்றவேண்டியது, ஒரு கலைஞர் அந்தக் கணத்தில் நினைத்து வாசித்ததை, அவருடைய திடீர்ப் பாய்ச்சல்களோடும் தயக்கங்களோடும். 1957இல் கவுண்ட் பேசி என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரின் வாத்தியக்குழு இசைக்கு இவர்கள் சொல் அமைத்தபோது, முதலில் ஒரு பாடகர் கூட்டத்தைச் சேர்த்துப் பாடவைத்துப் பார்த்தார்கள். பேசியின் இசைக்குரிய அந்த அசைவு அவர்களிடம் வரவில்லை. ஆகவே மூவருமே திரும்பத் திரும்பப் பாடி, ஒரு குரலின்மேல் இன்னொரு குரலாகப் பதிவு செய்து, முழு வாத்தியக்குழுவையும் தம் தொண்டையாலேயே எழுப்பினார்கள்.

இப்படிப் பாடும்போது குரலின் இனிமை பெரிதாகக் கைகொடுப்பதில்லை. வேகமாக ஓடும் சொற்களை மெய்யெழுத்து மழுங்காமல் உச்சரிப்பது, ஊதுகிறவர் மூச்செடுத்த இடத்திலேயே தானும் மூச்செடுப்பது, அத்தனை அவசரத்துக்கு நடுவிலும் சொல்லின் பொருளைக் கேட்பவருக்குக் கொண்டுசேர்ப்பது ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றும் நாடகம் கற்றுத்தரும் பயிற்சிகள். ஆனி ரொஸ்ஸும் குழந்தைப் பருவத்திலேயே திரைப்படத்தில் நடித்தவர் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்குரல் இடத்தில் நிலைத்து நின்ற இருவரும் நடிகைகளாகவே இருந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

இதை என் ஒத்திகைக் கூடத்திலும் காண்கிறேன். மூதூர்ப் பக்கத்தில் கூத்து ஆடிப் பழகிய மாணவி ஒருத்தி எங்கள் நாடகக் குழுவில் இருக்கிறாள். வேகமான பாட்டு வரி ஒன்றைக் கொடுத்தால், மற்றவர்கள் உடனே மெட்டைப் பிடிக்க ஓடுவார்கள். அவள் வரியை முதலில் வசனமாகச் சொல்லிப் பார்ப்பாள். பாதத்தால் தாளத்தை மெல்லத் தட்டிக்கொண்டு, எந்தச் சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்று என்னிடம் கேட்பாள். அதன் பிறகுதான் பாடுவாள். தரு, விருத்தம் என்ற கூத்துப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே ஆட வேண்டிய கூத்தரின் மூச்சுக்கட்டு அவளிடம் இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் அவள் பெற்ற அந்தப் பயிற்சியை நான் தந்திருக்க முடியாது.

யோலண்டிடம் திரும்புவோம். ஆனி ரொஸ்ஸின் குரல்வீச்சு அவரிடம் இல்லை என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. மேல்ஸ்தாயியில் எட்டும் உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது ஓரளவு உண்மைதான். ஆனால் லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ், பாவன் என்று பெயர் மாறிய அந்தக் குழுவின் 1963ஆம் ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழா ஒலிப்பதிவைக் கேட்டால், அவர் முன்னவரைப் பாவனை செய்ய முயலவில்லை என்பது தெளிவாகும். ஒரு பாத்திரத்தை வேறொருவர் நடித்துப் புகழ்பெற்றிருக்கும்போது, அதை ஏற்கும் நல்ல நடிகை தன் குரலிலிருந்தே தொடங்குவாள். இவரும் அப்படித்தான் செய்தார். டிரம்பெட் கலைஞர் கிளார்க் டெரியும் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹோக்கின்ஸும் உடன் வாசிக்கும் அந்த மேடையில், ஹென்ட்ரிக்ஸ் புதிதாகச் சொல் அமைத்த ‘யே யே’ என்ற பாட்டை மூவரும் பாடுகிறார்கள். அதே பாட்டைத்தான் இங்கிலாந்தின் ஜோர்ஜி பேம் பாடி 1965இல் அந்நாட்டு இசைத்தட்டு விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றார்.

யோலண்ட் சேலை உடுத்தே மேடையேறினார். அந்தச் சேலையைப் பற்றி எழுதியவர்கள், அவர் மூச்சை ஆண்ட விதத்தைப் பற்றியும் அதே அளவு எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

குழு 1964இல் கலைந்தது. 1966இல் டேவ் லம்பேர்ட் நெடுஞ்சாலை விபத்தொன்றில் உயிரிழந்தார். பாடலை மட்டும் நம்பியிருந்த ஒருவருக்கு அங்கேயே பாதை அடைபட்டிருக்கக்கூடும். யோலண்டை நாடகம் தாங்கியது. நியூயோர்க்கில் தங்கி, 1969இல் ‘சல்வேஷன்’ என்ற ரொக் இசை நாடகத்தில் நடித்தார். 1972இல் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் இசைத்தட்டில் குரல் கொடுத்தார். 1986இல் ‘பார்ட்டிங் கிளான்சஸ்’ திரைப்படத்தில் தோன்றினார். இவற்றை விரைவாகக் கடந்து 2006ஆம் ஆண்டுக்கு வருகிறேன். ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கடைசி நாடகத்தைத் தழுவிய ‘பெர்னார்டா அல்பா’ என்ற இசை நாடகம் நியூயோர்க் லிங்கன் சென்டரில் மேடையேறியபோது, அதில் மரியா ஜோசபா என்ற பாட்டியாக நடித்தவர் யோலண்ட். லோர்காவின் மூலத்தில் அந்தப் பாட்டிக்கு எண்பது வயது. பெற்ற மகளே அவளை அறையில் பூட்டி வைத்திருக்கிறாள். அவள் தப்பி வெளியே வந்து, ஓர் ஆட்டுக்குட்டியைப் பிள்ளைபோல ஏந்திக்கொண்டு தாலாட்டுகிறாள். பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத அந்தப் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது பொருத்தம் என்றே சொல்வேன்.

நம்மிடையே இசையாசிரியர் ஒரு வகுப்பறையிலும் நாடக ஆசிரியர் இன்னொரு வகுப்பறையிலும் ஒருவரையொருவர் பாராமலே பாடம் நடத்துகிறார்கள். திருகோணமலையில் பள்ளிக்கூடப் பணியாற்றிய விபுலாநந்த அடிகள், நாடகத்துக்கு மதங்க சூளாமணியையும் இசைக்கு யாழ் நூலையும் எழுதியவர். ஒரே மனத்தில் இரண்டும் வளர இடமுண்டு என்பதற்கு நம் மண்ணிலேயே உள்ள சான்று அவர். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நியூபோர்ட் ஒலிப்பதிவிலிருந்து ஏதேனும் ஒரு பாட்டை எடுத்து, அதன் சொற்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். மாணவர்கள் முதலில் அதை வசனமாக, தாளத்துக்குச் சொல்லட்டும். மூச்செடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறிக்கட்டும். பின்பு பாடலைக் கேட்கட்டும். அடுத்த பாடவேளையில் நம் கூத்துத் தரு ஒன்றையும் அதே முறையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.